ரெசிபி அதேதான்... அடுப்புதான் வேற! 'ஹைக்கு'வில் சாஃப்ட்வேர் சமைக்கும் கதை

ப்ளே ஸ்டோரைத் திறக்கிறோம். பெயரைத் தட்டுகிறோம். 'இன்ஸ்டால்' என்று ஒரு பட்டன். அரை நிமிஷத்தில் ஆப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை யார், எந்த மெஷினில், எத்தனை முறை முயன்று தயாரித்தார்கள் என்று யோசிக்கவேண்டிய தேவையே நமக்கு வருவதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸோ, மேக்கோ, லினக்ஸோ என்றால் இதே சொகுசுதான். ஆனால், உலகத்தில் இவற்றைத் தவிரவும் ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கு 'டவுன்லோடு' பட்டன் கிடையாது. சோர்ஸ் கோடு இருக்கும். அதை எடுத்துவந்து, தங்கள் ஊர் அடுப்பில் தாங்களேதான் சமைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சமையல் என்பது வெறும் உவமை இல்லை. 'ஹைக்கு' என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு சாஃப்ட்வேரை உருவாக்க எழுதப்படும் குறிப்புக்குப் பெயரே 'ரெசிபி'தான்!

கைவிடப்பட்ட வீடு

ஹைக்குவைப் புரிந்துகொள்ள அதன் அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்த ழான்-லூயி கஸே, 1990-ல் அங்கிருந்து வெளியேறித் தொடங்கிய நிறுவனம் 'பி'. 1995-ல் இரண்டு ப்ராசஸர்கள் கொண்ட 'பிபாக்ஸ்' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். அதில் ஓடியது 'பிஓஎஸ்'. ஒரே நேரத்தில் நான்கைந்து வீடியோக்களை ஓடவிட்டாலும் திணறாது என்பதுதான் அதன் பெருமை. அந்தக் காலத்தில் மற்ற கம்ப்யூட்டர்கள் ஒரு வீடியோவுக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

1996-ல் ஆப்பிளுக்குப் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் தேவைப்பட்டது. பிஓஎஸ்ஸை வாங்கப் பேச்சு நடந்தது. விலை படியவில்லை. ஆப்பிள் அதற்குப் பதிலாக சுமார் 40 கோடி டாலர் கொடுத்து 'நெக்ஸ்ட்' நிறுவனத்தை வாங்கியது. கூடவே அதன் முதலாளி ஸ்டீவ் ஜாப்ஸும் திரும்பி வந்தார். இன்றைய ஐபோனின் உள்ளே இருப்பதெல்லாம் அந்த நெக்ஸ்ட்டின் வாரிசுதான். அன்று பேரம் படிந்திருந்தால், இந்தக் கட்டுரையே தலைகீழாக இருந்திருக்கும்.

2001-ல் பி நிறுவனத்தின் சொத்துகளை 'பாம்' நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 50 கோடி ரூபாய். பிஓஎஸ்ஸின் கதை அங்கே முடிந்தது. சோர்ஸ் கோடும் பூட்டிக்கொண்டது.

ரசிகர்கள் விடவில்லை. அதே 2001-ல் 'ஓப்பன்பிஓஎஸ்' என்ற பெயரில், பூட்டிய வீட்டைப் பார்த்துப் பார்த்து அதேபோல் இன்னொன்றை முதல் செங்கல்லில் இருந்து கட்ட ஆரம்பித்தார்கள். பழைய பெயரைப் பயன்படுத்துவதில் சிக்கல் என்பதால் 2004-ல் 'ஹைக்கு' ஆனது. ஏன் இந்தப் பெயர்? பிஓஎஸ்ஸின் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்காவிட்டால், 'எரர்' என்று முகத்தில் அடிக்காமல் மூன்று வரி ஹைக்கூ கவிதையாகச் சொல்லும். அந்த நினைவுக்காக!

முதல் ஆல்ஃபா பதிப்பு 2009-ல் வந்தது. முதல் பீட்டா 2018-ல். ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் கிடையாது. நன்கொடை, ஓய்வு நேரம், பிடிவாதம்... இவைதான் மூலதனம். குறைந்தபட்சம் 384 எம்.பி மெமரி இருந்தால் ஓடிவிடும். இன்று நம் கையில் இருக்கும் சாதாரண போனில் இதைவிடப் பத்து மடங்கு இருக்கிறது.

சரி, ஆபரேட்டிங் சிஸ்டம் தயார். அதில் எதைப் பயன்படுத்துவது? எழுத, படம் பார்க்க, கணக்குப் போட, இணையம் பார்க்க ஆப் வேண்டுமே? பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எனவே, கைகொடுப்பது ஓப்பன் சோர்ஸ்தான். அதாவது, சோர்ஸ் கோடை யார் வேண்டுமானாலும் எடுத்து, திருத்தி, பயன்படுத்தலாம் என்று அனுமதித்திருக்கும் சாஃப்ட்வேர்கள்.

'உங்க ஊரு எனக்குத் தெரியாதே!'

லினக்ஸுக்காக எழுதப்பட்ட ஒரு சின்ன சாஃப்ட்வேரை ஹைக்குவில் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

முதல் தடை வாசலிலேயே. பழைய சாஃப்ட்வேர்கள் பலவற்றில், 'நான் எந்த மெஷினில் இருக்கிறேன்' என்று கண்டுபிடிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கும். அது எழுதப்பட்ட காலத்தில் ஹைக்கு பிறந்தே இருக்காது. 'இது எந்த ஊர் என்று தெரியவில்லை' என்று கையை விரித்துவிடும். அந்த ஒரு ஃபைலை மட்டும் புதிதாக மாற்றினால் வழி விடும். இது சுலபம்.

அடுத்தது, மளிகைச் சாமான் பிரச்னை. கணிதச் செயல்பாடுகளுக்கு ஒரு லைப்ரரி, ஒரே நேரத்தில் பல வேலைகள் செய்ய இன்னொரு லைப்ரரி என்று லினக்ஸில் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் பழக்கம். ஹைக்குவில் இந்த இரண்டும் ஒரே பெரிய டப்பாவில், அதாவது 'லிப்ரூட்' என்ற அடிப்படை லைப்ரரிக்குள் இருக்கின்றன. 'தனி டப்பா எங்கே?' என்று தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று கம்பைல் நின்றுவிடும். சாமான் வீட்டில்தான் இருக்கிறது, டப்பாதான் வேறு. நெட்வொர்க் விஷயத்தில் நேர் எதிர். லினக்ஸில் கேட்காமலே கிடைப்பதை, ஹைக்குவில் தனி லைப்ரரியின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிறகு, வீட்டின் அமைப்பு. லினக்ஸில் எல்லோருக்கும் பழகிய ஃபோல்டர் பெயர்கள் இங்கே இல்லை. சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் இடத்தில் யாரும் எதையும் எழுத முடியாது. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு மூட்டையாக வந்து, பிரிக்கப்படாமலே உள்ளிருப்பது தெரியும்படி அடுக்கி வைக்கப்படும். வேண்டாம் என்றால் மூட்டையை எடுத்துவிட்டால் போதும், குப்பை தங்காது. அருமையான ஏற்பாடுதான். ஆனால், 'நான் இந்த ஃபோல்டரில்தான் என் ஃபைலை வைப்பேன்' என்று அடம்பிடிக்கும் சாஃப்ட்வேரை மடக்கித் திருத்துவதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தடைகள். கம்பைல் நின்றுவிடும், காரணம் தெரியும், திருத்திவிடலாம். கம்பைல் ஒழுங்காக முடிந்து, ஆப் திறந்து, பிறகு எங்கோ சம்பந்தமே இல்லாத இடத்தில் கவிழ்வதுதான் கொடுமை. அதற்கு ஹைக்குவில் பெயர்பெற்ற காரணம் ஒன்று உண்டு.

மைனஸுக்கு மைனஸ் ப்ளஸ்

ஒரு ஆப், 'இந்த ஃபைலைத் திற' என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கிறது. அப்படி ஒரு ஃபைலே இல்லை. சிஸ்டம் ஓர் எண்ணைச் சொல்லும். லினக்ஸில் அந்த எண் 2. 'ஃபைல் இல்லை' என்று பொருள். ஒவ்வொரு தவறுக்கும் இப்படி ஒரு சின்ன ப்ளஸ் எண்.

லினக்ஸ் உலகில் கோடு எழுதுபவர்கள் பலருக்கு ஒரு பழக்கம். தவறு நடந்தால் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸைப் போட்டு அனுப்புவார்கள். வாங்கிக்கொள்ளும் பகுதி, 'வந்த எண் பூஜ்ஜியத்தைவிடக் குறைவா?' என்று பார்க்கும். குறைவு என்றால் தவறு. இல்லையென்றால் எல்லாம் சுகம்.

ஹைக்குவில், பிஓஎஸ் காலத்தில் இருந்தே, இந்தப் பிழை எண்கள் பிறவியிலேயே மைனஸ். 'ஃபைல் இல்லை' என்பதற்கான எண் -2147459069! மளிகைக் கடை நோட்டில் கடனை மைனஸ் போட்டு எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஏற்கெனவே மைனஸில் இருப்பதற்கு இன்னொரு மைனஸ் போட்டால்? கடன் வரவாகிவிடும். அதேதான் இங்கேயும். இல்லாத ஃபைலை, 'வெற்றிகரமாகத் திறந்துவிட்டேன்' என்று நம்பி ஆப் மேலே போகிறது. பத்து அடி தாண்டிக் குப்புற விழுகிறது. விழுந்த இடத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. தடுக்கிய இடம் வேறு.

'யுனிக்ஸ் மாதிரியான சிஸ்டங்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று சொல்லும் பாசிக்ஸ் என்ற பொது விதித்தொகுப்பு, பிழை எண்கள் ப்ளஸ்ஸில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் ஹைக்குவே மாற்றிக்கொள்ளலாமே? பழைய பிஓஎஸ் ஆப்கள் அப்படியே ஓட வேண்டும் என்பது அவர்கள் முதல் நாளில் கொடுத்த வாக்கு. எண்களை மாற்றினால் அவை எல்லாம் உடைந்துவிடும். வாக்கைக் காப்பாற்ற 1999-ல் வந்த ஜிசிசி 2.95 என்ற பழம்பெரும் கம்பைலரைக்கூட 32-பிட் பதிப்பில் இன்னும் வைத்திருக்கிறார்கள்! வீட்டுக்குப் புதிய மாடுலர் கிச்சன் போட்டாலும், பாட்டியின் விறகடுப்பை இடிக்காமல் விட்டமாதிரி. அந்தப் பிடிவாதம் சரியா, தவறா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. புதிதாக வருபவர்கள் 64-பிட் பதிப்புக்கே போவது நல்லது. அங்கே இந்த விறகடுப்பு இல்லை; மைனஸ் எண்கள் மட்டும் அங்கேயும் உண்டு.

தீர்வு? இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்தார்கள். ஒரு குட்டி லைப்ரரி. வெளியில் இருந்து வரும் ஆப்பை அதனுடன் சேர்த்துக் கம்பைல் செய்தால், அந்த ஆப்பின் கண்ணுக்கு மட்டும் எண்கள் ப்ளஸ்ஸாகத் தெரியும். ரெசிபியில் சின்னக் குறிப்புதான். அந்தக் குறிப்பைச் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு ராத்திரி ஆகும்.

ரெசிபியில் என்ன இருக்கும்?

இப்படி ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பயன்? அதற்காகத்தான் 'ஹைக்குபோர்ட்ஸ்' என்ற பொதுத் திட்டம். ஒரு சாஃப்ட்வேருக்கு ஒரு ரெசிபி. சோர்ஸ் கோடு எங்கே கிடைக்கும், டவுன்லோடு ஆனது அசல்தானா என்று சரிபார்க்கும் எண், என்ன லைசென்ஸ், முன்கூட்டியே என்னென்ன இருக்க வேண்டும், எப்படிக் கம்பைல் செய்வது, முடிந்ததை எங்கே வைப்பது... எல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில். ஹைக்குவுக்காகச் செய்த திருத்தங்கள் 'பேட்ச்' என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கும். 'ஹைக்குபோர்ட்டர்' என்ற கருவி இதைப் படித்துச் சமைத்து, மூட்டை கட்டிக் கொடுத்துவிடும். ரெசிபியை ஏற்றுக்கொண்டுவிட்டால், திட்டத்தின் பொதுக் கணினிகள் தாங்களாகவே கம்பைல் செய்து எல்லோருக்கும் கிடைக்கும்படி வைத்துவிடுகின்றன. பயன்படுத்துபவருக்கு 'ஹைக்குடெப்போ' என்ற ஸ்டோரில் ஓர் இன்ஸ்டால் பட்டன். நமக்கு ப்ளே ஸ்டோர் மாதிரி.

பார்க்க எளிமையாகத் தெரியும் இந்த ஏற்பாட்டின் பலவீனம் பேட்ச்சில் இருக்கிறது. அசல் சாஃப்ட்வேர் மாதாமாதம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஒட்டிய பேட்ச் இந்த மாதம் ஒட்டாது. எனவே, விவரமானவர்கள் தங்கள் பேட்ச்சை அசல் சாஃப்ட்வேரை உருவாக்குபவர்களுக்கே அனுப்பி, 'இதை உங்கள் கோடிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பார்கள். சேர்த்துக்கொண்டால் அப்பாடா! சில இடங்களில் சந்தோஷமாகச் சேர்ப்பார்கள். சில இடங்களில், 'உங்கள் சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர்? நாளைக்கு உடைந்தால் யார் பார்ப்பது?' என்று கேட்பார்கள். கேள்வி கடுமையாக இருந்தாலும் நியாயமானது. அவர்களும் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்கள்தான். தங்களிடம் இல்லாத மெஷினுக்கான கோடை வருஷக்கணக்கில் சுமப்பது யாருக்கும் எளிதில்லை.

சேர்த்த பிறகு வெளியே எடுத்ததும் உண்டு. பிரபலமான பைத்தான் மொழியில் ஒருகாலத்தில் பிஓஎஸ்ஸுக்கான வரிகள் இருந்தன. 2008-ல் வந்த பைத்தான் 3-ல் அவற்றை நீக்கிவிட்டார்கள். ஹைக்குவில் இன்று பைத்தான் 3 நன்றாகவே ஓடுகிறது என்றால், யாரோ பேட்ச் போட்டு இழுத்துவந்ததால்தான்.

ஒரு பிரவுசருக்காக...

இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று தெரிய ஃபயர்ஃபாக்ஸின் கதை ஒன்று போதும்.

பிஓஎஸ்ஸில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸை ஒரு சின்னத் தன்னார்வலர் குழு பராமரித்துவந்தது. இரண்டாவது பதிப்பு வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 2009-ல் ஹைக்குவின் முதல் ஆல்ஃபா வந்தபோது அதில் இருந்த பிரவுசரும் அதுதான். ஆனால், 2008-லேயே ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்துவிட்டது. அதில் திரையில் எழுத்தையும் படத்தையும் வரையும் பகுதியையே அடியோடு மாற்றியிருந்தார்கள். பிஓஎஸ்ஸுக்காக வருஷக்கணக்கில் செய்த வேலை ஒரே பதிப்பில் பயனற்றுப்போனது. அதைத் திரும்பச் செய்ய ஆள் போதவில்லை. மூன்றாவது பதிப்பு முழுமையாக இங்கே வந்து சேரவேயில்லை.

பிரவுசர் இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹைக்குவினர் வேறு வழி பார்த்தார்கள். சஃபாரிக்குள் இருக்கும் வெப்கிட் என்ற ஓப்பன் சோர்ஸ் இன்ஜினை எடுத்து, 2010-ல் 'வெப்பாசிட்டிவ்' என்ற சொந்த பிரவுசரைக் கொண்டுவந்தார்கள். நாள் கணக்கில் மாறும் இணையத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாமல் திணறிய தளங்கள் ஏராளம். ஃபயர்ஃபாக்ஸிலோ, இடைப்பட்ட காலத்தில் 'ரஸ்ட்' என்ற புதிய மொழியும் சேர்ந்துகொண்டது. அதாவது, இனி ஃபயர்ஃபாக்ஸ் வேண்டுமென்றால், முதலில் ரஸ்ட் கம்பைலரையே ஹைக்குவுக்குக் கொண்டுவர வேண்டும். தோசை சுட, முதலில் கல்லை வார்க்கவேண்டிய நிலைமை! அதையும் செய்தார்கள். ரஸ்ட் திட்டத்தின் பட்டியலில் ஹைக்கு மூன்றாம் அடுக்கில் இருக்கிறது. 'கோடு இருக்கும், ஆனால் நாங்கள் சோதித்துப் பார்த்துத் தர மாட்டோம்' என்று அர்த்தம்.

பல வருடங்கள் கழித்து, சமீபத்தில்தான் நவீன ஃபயர்ஃபாக்ஸ் மீண்டும் ஹைக்குவில் ஓடத் தொடங்கியது. 'ஐஸ்வீசல்' என்ற பெயரில். கோடு இலவசம் என்றாலும் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் மொசில்லாவின் டிரேட்மார்க். கண்டபடி திருத்திவிட்டு அதே பெயரில் கொடுக்க முடியாது.

பெரிய ஆப்களில் இன்னொரு தலைவலியும் உண்டு. ஹைக்குவில் ஒவ்வொரு விண்டோவும் தனித்தனி ஆளாக, தன் வேலையைத் தானே பார்க்கும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்றவை நிற்காது. மற்ற உலகத்து ஆப்கள் பெரும்பாலும், எல்லா விண்டோவையும் ஒரே ஆள் கவனிப்பார் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. இரண்டையும் சேர்த்துவைக்கக் 'க்யூட்' போன்ற பொதுக் கருவித்தொகுப்புகளை ஒருமுறை கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தார்கள். அது வந்ததும் அதை நம்பியிருந்த ஆப்கள் வரிசைகட்டின. 2018-ல் லிப்ரேஆபீஸ் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். கணக்கு, கடிதம், பிரசன்டேஷன் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டர், 'க'வுக்குப் பிறகு 'ஒ'வின் குறி என்று வரிசையாகத்தான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துப் போட வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தனி இன்ஜின் தேவை. ஹைக்குவின் சொந்த எழுத்து வரையும் பகுதியில் நெடுங்காலமாக அது இல்லை. ஆனால், க்யூட் தன்னுடன் 'ஹார்ஃபஸ்' என்ற ஓப்பன் சோர்ஸ் இன்ஜினைக் கூட்டிக்கொண்டு வருவதால், க்யூட் வழியாக வந்த ஆப்களில் தமிழ் ஒழுங்காக உட்காருகிறது. நம் எழுத்து அங்கே சரியாகத் தெரிவதற்கு, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பேட்ச்சும் காரணம்.

கொடுக்கல் வாங்கலில் ஹைக்கு வாங்குவது அதிகம். வைஃபை வேலை செய்வதுகூட ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி என்ற வேறு இரண்டு சின்ன சிஸ்டங்களின் டிரைவர்களைத் தன் மேல் பொருத்திக்கொண்டதால்தான். கொடுப்பதும் உண்டு. லினக்ஸில் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த தவறான கோடு, இங்கே வந்தால் உடனே பல்லிளிக்கும். அதைத் திருத்தி அனுப்பினால் லினக்ஸ்காரருக்கும் லாபம்.

கையில் இருக்கும் போனிலேயே...

இதையெல்லாம் செய்துபார்க்க ஆசையா? ஹைக்குவை இன்ஸ்டால்கூடச் செய்யவேண்டாம். ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஸ்டார்ட் செய்யலாம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற சாஃப்ட்வேருக்குள்ளும் ஓட்டிப்பார்க்கலாம். முக்கியமான ஃபைல்கள் இருக்கும் லேப்டாப்பில் நேரடியாகப் போட வேண்டாம். பீட்டா என்றால் பீட்டாதான்.

கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களுக்கு 'டெர்மக்ஸ்' இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸின் கெர்னல் என்றாலும், வழக்கமான லினக்ஸின் ஃபோல்டர்களும் லைப்ரரிகளும் அங்கே கிடையாது. எனவே, டெர்மக்ஸில் கிடைக்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஹைக்குபோர்ட்ஸ் மாதிரியே ஒரு குறிப்பும், தேவையான இடத்தில் பேட்ச்சும் இருக்கின்றன. ஒரு சின்ன சி புரோகிராமை எழுதிப் போனிலேயே கம்பைல் செய்து, அது என்னென்ன கேட்டு அழுகிறது என்று பார்க்கலாம். எஃப்-ட்ராய்டு தளத்தில் இருந்து இறக்கிக்கொள்வது நல்லது.

ஹைக்குபோர்ட்ஸில் புதியவர்களுக்கு ஏற்ற முதல் வேலை, ஏற்கெனவே இருக்கும் ரெசிபியைப் புதுப்பிப்பது. அசல் சாஃப்ட்வேரில் புதுப் பதிப்பு வந்திருக்கும். ரெசிபியில் பதிப்பு எண்ணையும், சரிபார்க்கும் எண்ணையும் மாற்ற வேண்டும். பேட்ச் இன்னும் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பைல் செய்து, ஆப்பைத் திறந்து, நாலு பட்டனையாவது அமுக்கிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். இன்னொருவர் படித்துப் பார்ப்பார். இடைவெளி சரியில்லை, லைசென்ஸ் பெயர் இப்படி எழுதக்கூடாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்புவார். மூன்றாவது முறை ஏற்றுக்கொள்வார். பொதுக் கணினிகள் அன்றைக்கே அதைச் சமைக்கத் தொடங்கிவிடும்.